பாட்டியோடும் பேரனோடும் காவிரிக் கரைக்கு: முக்கொம்பா, கல்லணையா, வண்ணத்துப்பூச்சிப் பூங்காவா?

திருச்சியில் குடியிருப்பவர்களுக்கு வெளியூர்ச் சொந்தக்காரர்களிடமிருந்து அடிக்கடி இப்படி ஒரு போன் வரும்: "ஞாயித்துக்கிழமை வர்றோம். கோயில் எல்லாம் போன தடவையே பாத்தாச்சு. ஆத்தங்கரையில உக்காந்து கட்டுச்சோறு சாப்பிடற மாதிரி ஒரு இடம் சொல்லு. அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க மாட்டாங்க. சின்னவன் இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கான். படி ஏறி இறங்குற இடம் மட்டும் வேண்டாம்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பாதி இடங்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மலைக்கோட்டை பற்றிப் பேச்சே வேண்டாம். அம்மா மண்டபம் ஆற்றை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் அது படித்துறை. ஈரப் படிக்கட்டும், தர்ப்பணத்துக்கு வருகிற கூட்டமும்தான் அங்கே. கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலை அழகான இடம்தான், ஆனால் ஊரிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் பாறைமேல் கால் வைத்துத்தான் ஓடையில் இறங்க முடியும். இளவட்டங்கள் போகட்டும்.

மிஞ்சுவது மூன்று: முக்கொம்பு, கல்லணை, ஸ்ரீரங்கம் மேலூரில் இருக்கிற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. மூன்றும் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து ஓடுகிற தீவை ஒட்டியவை. மூன்றும் சமதரை. ஆனால் மூன்றும் ஒரே மாதிரியான இடங்கள் அல்ல.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தரை. எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தரை எப்படி என்று யாரும் கேட்பதில்லை. சிமென்ட் பாதையில் அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போகலாம். ஆற்று மணலில் பத்தடி போக முடியாது. சக்கர நாற்காலியின் முன் சக்கரங்கள் சின்னவை, மணலைக் கண்டதும் புதைந்துகொள்ளும். பலம் போட்டு முன்னால் தள்ளினால் உட்கார்ந்திருப்பவர் குப்புற விழ வாய்ப்புண்டு. மணல் திட்டோ, மழை பெய்த புல்தரையோ குறுக்கிட்டால் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னால் போகும்படி பின்பக்கமாக இழுத்துச் செல்ல வேண்டும். குழந்தைத் தள்ளுவண்டிக்கும் இதே வழிதான். சரிவுப் பாதை என்று எதையாவது காட்டினால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்கிறதா என்று கண்ணால் அளந்து பாருங்கள். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும், இறக்குவதற்கும் இரண்டு பேர் வேண்டும்.

கழிப்பறை. வயதானவர்கள் "எனக்கு வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்வதற்கு முழங்காலைவிடப் பெரிய காரணம் இதுதான். வெளியே சொல்ல மாட்டார்கள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வண்டியில் ஏறுவார்கள். மதியம் தலை சுற்றுகிறது என்பார்கள். வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கிறதா, அதன் கதவு அகலமானதா, வாசலில் படி இருக்கிறதா என்பதை ஜமுக்காளம் விரிப்பதற்கு முன் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

உட்காரும் விதம். ஜமுக்காளம் நமக்கு. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதவருக்கு நாற்காலி வேண்டும். மடக்கு நாற்காலி ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று இடங்களுக்கும் இது பொருந்தும். பூங்கா பெஞ்சுகளுக்குப் பெரும்பாலும் கைப்பிடி இருக்காது. கைப்பிடி இல்லாத பெஞ்சிலிருந்து எழுந்திருப்பதும் தரையிலிருந்து எழுந்திருப்பதற்கு அடுத்தபடியான கஷ்டம்தான்.

ஆற்றில் தண்ணீர். இதை மறந்துவிட்டு ஏப்ரலில் வருகிறவர்கள் உண்டு. மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கிற மரபான தேதி ஜூன் 12, மூடுகிற தேதி ஜனவரி 28. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும். இடைப்பட்ட பிப்ரவரி முதல் மே வரை நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் மணலும் நாணலும்தான். தேதியும் ஒவ்வோர் ஆண்டும் அப்படியே இருப்பதில்லை. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை கடைசி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பயணத்தை முடிவு செய்யும்முன் செய்தித்தாளில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்ப்பது டெல்டா விவசாயிக்கு மட்டும் உரிய பழக்கமாக இருக்க வேண்டியதில்லை.

குழந்தையின் பாதுகாப்பு, செலவு, கூட்டம். இவற்றை ஒவ்வோர் இடத்திலும் சொல்கிறேன்.

## முக்கொம்பு

திருச்சியிலிருந்து மேற்கே, கரூர் சாலையில் சுமார் 18 கிலோமீட்டர். வழி நெடுக வாழைத்தோட்டம், ஒரு பக்கம் ரயில் பாதை, மரங்களுக்கு நடுவே விட்டுவிட்டுக் காவிரி. போகிற வழியே பாதி சுற்றுலாதான். வண்டியை விட்டு இறங்க முடியாதவருக்கும் இது கிடைத்துவிடுகிறது.

மேலணை என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, கடலுக்குப் போகிற வழியும் குறுக்குவழி. அதனால் தண்ணீர் கொள்ளிடத்துக்கே ஓடி, காவிரி மணல் மேவிப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்க ஆர்தர் காட்டன் 1836-ல் தொடங்கிக் கட்டியது இந்த அணை. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு புதிய கதவணை கட்டினார்கள். தாத்தாவைக் கூட்டிப்போனால் இந்தக் கதையை அவரே பேரனுக்குச் சொல்லிவிடுவார், நீங்கள் இட்லியைப் பிரித்து வையுங்கள்.

அணையை ஒட்டி, இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் பூங்கா. நம் கேள்விக்கு இதன் பெரிய பலம் மரங்கள். நல்ல வயதான மரங்கள். நண்பகலிலும் நிழல் கலையாது. தரை சமம். ஊஞ்சல், சறுக்கு என்று குழந்தைக்கு வேண்டியதும் அதே வளாகத்தில் இருக்கிறது. பாட்டி மரத்தடியில், பேரன் ஊஞ்சலில், இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நின்று ஒருவரே பார்த்துக்கொள்ளலாம். மற்ற இரண்டு இடங்களிலும் இந்த வசதி இந்த அளவுக்குக் கிடையாது.

இனி குறைகள். வண்டியை நிறுத்திவிட்டுப் பாலத்தையும் பூங்காவையும் கடந்து ஆற்றைப் பார்க்கிற இடத்துக்கு வருவதற்குள் நடை கொஞ்சம் நீண்டுவிடும். முட்டி வலிக்காரருக்குப் போகும்போது தெரியாது, சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது தெரியும். வாசலில் இருப்பவர்களிடம் "வயசானவங்க இருக்காங்க, எவ்வளவு தூரம் வரைக்கும் வண்டியை விடுவீங்க?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. கூட்டமில்லாத நாளில் பதில் தாராளமாக இருக்கும். ஞாயிறு மாலையில் அப்படி இருக்காது. பூங்காவுக்குள் பாதையை விட்டு இறங்கினால் மண்தரை, வேர்கள் புடைத்துக்கொண்டிருக்கும். வாக்கர் வைத்து நடப்பவர்கள் பாதையிலேயே இருக்கட்டும். நிழலுக்கு ஆசைப்பட்டு வேர் நடுவே போக வேண்டாம்.

மறைமுகச் செலவு என்றால் முதலில் ஆட்டோ. பஸ்ஸில் போய் இறங்கிவிடலாம்; சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருகிற ஒருவருக்கும் இல்லை. ஆனால் பஸ் படி உயரம். முட்டி வலிக்காரரை அதில் ஏற்றி, திரும்பும்போது கூட்டத்தில் மறுபடி ஏற்றுவதை நினைத்தே பலர் ஆட்டோ பேசுகிறார்கள். போகிற வாடகையை மட்டும் பேசிவிட்டு காத்திருப்புக்கூலியைப் பேசாமல் விட்டால், திரும்பி வரும்போது அதுவும் சேர்ந்து நிற்கும். "மூணு மணி நேரம் வெயிட்டிங் சேத்து எவ்வளவு?" என்று ஒரே வாக்கியத்தில் கேட்டு முடித்துவிடுங்கள்.

அடுத்தது மீன். வறுத்த மீன் வாசனை வந்தால் கட்டுச்சோற்றுத் திட்டம் ஆட்டம் காணும். வாங்குங்கள், தப்பில்லை. ஒரு துண்டா, முழு மீனா, என்ன விலை என்பதை வாணலியில் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

முக்கொம்பு யாருக்குச் சரி: சக்கர நாற்காலி இருக்கிற குடும்பம், மூன்று தலைமுறை ஒன்றாக வருகிற கூட்டம், அரை நாள் முழுக்க ஓரிடத்திலேயே உட்கார்ந்து பேச நினைப்பவர்கள். கோடையில் போக வேண்டியிருந்தாலும் மூன்றில் இதுதான் தேறும். ஆறு வறண்டாலும் நிழல் இருக்கும். யாருக்குச் சரியில்லை: காணும் பொங்கல், ஆடிப்பெருக்கு அன்று மட்டுமே லீவு கிடைப்பவர்களுக்கு. அன்றைக்கு ஊரே அங்கேதான் இருக்கும்.

காரில் வந்தால் கூடுதலாக ஓர் இடம்: பக்கத்திலேயே திருப்பராய்த்துறை. ஐப்பசியில் முதல் முழுக்கு திருப்பராய்த்துறை, கடைமுழுக்கு மாயவரம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே ஊர். தாருகாவனேசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாட்டியின் மனமும் நிறைந்துவிடும். "ஆத்தங்கரைக்கு மட்டும் எதுக்குடா இவ்வளவு தூரம்?" என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு மிக அவசியம்.

## கல்லணை

இது திருச்சிக்குக் கிழக்கே, எந்தச் சாலையைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 15 முதல் 20 கிலோமீட்டர். நிர்வாகக் கணக்கில் தஞ்சாவூர் மாவட்டம். கரிகாலன் கட்டியது. ஆற்று மணலில் பெரும் பாறைகளைப் போட்டு, அவை அமிழ அமிழ மேலே மேலே அடுக்கி, இடையே களிமண் பூசி எழுப்பிய பழைய கல்லணையின் நீளம் 329 மீட்டர். அதன்மேல் இன்று நாம் பார்க்கிற மதகுகளும் பாலமும் பிற்காலத்து வேலை. இங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், 1934-ல் வந்த கல்லணைக் கால்வாய் என்ற புதுஆறு, நான்கும் பிரிகின்றன.

ஆறு என்றால் என்ன என்று ஒரு குழந்தைக்குக் காட்ட வேண்டுமென்றால் கல்லணைக்கு நிகர் வேறு கிடையாது. மதகு திறந்திருக்கிற நாளில் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கை வைத்தால் அதிர்வு விரல்வழியே ஏறும். மேல்பக்கம் தண்ணீர் அசையாமல் நிற்கும். கீழ்ப்பக்கம் வெள்ளையாகச் சுருண்டு, பழுப்பாகி, வாய்க்காலின் வேகத்துக்கு வந்துவிடும். இருபதடி இடைவெளியில் இரண்டு வேறு ஆறுகள். தண்ணீர் குறைவான ஆண்டுகளில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறைவைத்து விடுவார்கள். அப்போது ஒரு மதகு வரிசை பொங்க, அடுத்தது சும்மா இருக்கும். குழந்தை "ஏன்?" என்று கேட்கும். பதில் சொல்லத் தயாராகப் போங்கள்.

ஆனால் சாப்பாட்டுக்கு உட்கார? இங்கேதான் கல்லணை இறங்குகிறது. பாலத்தின் மேல் நிழல் கிடையாது. பத்து மணிக்கு மேல் கருங்கல்லும் சிமென்ட்டும் கொதிக்கும். நடப்பவர்களும் பைக்குகளும் ஒரே அகலத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனால் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு வண்டி ஊர்ந்து வரும். பாலத்தில் ஓடுகிற குழந்தையைக் கையில் பிடித்தே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் வண்டி. கரையோரப் பூங்காவும் கரிகாலன் மணிமண்டபமும் இருக்கின்றன. நிழல் தேடுபவர்கள் அங்கேதான் ஒதுங்க வேண்டும். தண்ணீருக்குப் பக்கத்தில் போக வேண்டுமென்றால் படிதான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அணைகளுக்குக் கீழே தண்ணீர் விழுகிற இடத்தில் படுகை அரித்து ஆழமான மடுக்கள் இருக்கும். மேலே பார்த்தால் முழங்கால் அளவு என்று தோன்றும். மேலே ஷட்டரைக் கொஞ்சம் தூக்கினாலும் மட்டம் சட்டென்று உயரும். முக்கொம்பிலும் இதே நிலைதான். கால் நனைக்கிறேன் என்று குழந்தையை இறக்கவே வேண்டாம். "எங்க காலத்துல நீந்தினோம்" என்று சித்தப்பா சொல்வார். அவர் காலத்தில் ஆற்றில் இவ்வளவு மணல் அள்ளியிருக்கவில்லை.

மறைமுகச் செலவு இங்கே பணத்தைவிட நேரம். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கத்திலிருந்து போகிறவர்கள் காவிரியின் வடகரைச் சாலையில் போவார்கள். காவிரியில் வெள்ளம் மிகுந்தால் உத்தமர்சீலிப் பக்கத்துத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறி வழி அடைபடும். அதாவது, கல்லணை பார்க்க மிக நன்றாக இருக்கிற நாளில்தான் இந்தச் சாலை கைவிடும். அப்போது தென்கரைச் சாலையைப் பிடிக்க வேண்டும். வெள்ள எச்சரிக்கை இருக்கிற வாரத்தில் முதியவர்களோடு எந்தச் சாலையிலும் கிளம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

கல்லணை யாருக்குச் சரி: ஓரளவு நடக்கக்கூடிய, ஆனால் நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கப் பொறுமையில்லாத தாத்தாக்கள், பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். கட்டுச்சோற்றை இங்கே பிரிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. காலை ஏழு, ஏழரைக்குப் போய், வெயில் ஏறும்முன் பாலத்தைப் பார்த்துவிட்டு, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கோவிலடி அப்பக்குடத்தான் கோயிலுக்குப் போய்விடலாம். பெருமாளுக்கு அப்பம் நிவேதனம் ஆகிற தலம் என்றால் குழந்தைகளும் மறுபேச்சுப் பேசாமல் வருவார்கள்.

## வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, மேலூர்

வனத்துறையின் இடம். 2015-ல் திறந்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து மேற்கே மேலூர் வழியாகப் போக வேண்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, காப்புக்காட்டுக்குள் அமைந்திருக்கிறது. ஊருக்கு மிக அருகில் இருப்பது இதுதான். நடைபாதை போட்ட பூங்கா என்பதால் தள்ளுவண்டிக்கு மூன்றிலும் எளிதானதும் இதுதான்.

இதை ஆற்றங்கரை என்று சொல்லிக் கூட்டிப்போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆற்றைப் பார்த்து உட்காருவதற்கான இடமில்லை இது. செடிகளைப் பார்த்து நடப்பதற்கான இடம். பிளாஸ்டிக் உள்ளே கூடாது. பை நிறையத் தூக்குச்சட்டியும் இலையுமாகப் போய்ப் பந்தி விரிக்கிற இடமும் இல்லை. சாப்பாட்டை வேறெங்காவது வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு வேறொரு பயணம். இதுதான் இதன் மறைமுகச் செலவு.

ஆனால் ஒரு சிறு குழந்தையோடு ஒரு மணி நேரம் மெதுவாக நடக்க இதைவிட நல்ல இடம் சொல்வது கடினம். கறிவேப்பிலைச் செடி இருந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். பறவை எச்சம் என்று நினைத்து விட்டுவிடுவோமே, அந்தக் கறுப்பு-வெள்ளைப் பொட்டுத்தான் சில சமயம் புழு. வளர்ந்தபின் பச்சையாகிவிடும். எருக்கஞ்செடியில் பட்டை போட்ட புழு இருக்கும். எருக்கின் நஞ்சைத் தின்று தன் உடம்பில் வைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, அதாவது சக்கர நாற்காலியின் உயரத்திலேயே, பார்க்கக்கூடிய காட்சிகள் இவை. நின்று எட்டிப் பார்க்கிறவர்களைவிட நாற்காலியில் இருப்பவருக்குத்தான் செடி கண்ணுக்கு நேரே இருக்கும்.

நேரம் முக்கியம். வண்ணத்துப்பூச்சி வெயிலில் சிறகு காய்ந்தால்தான் பறக்கும். விடியற்காலையில் போய்ப் பயனில்லை. காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை நல்ல நேரம். மாதத்தில் சொன்னால், மழை பெய்து செடி துளிர்த்த பிறகு, ஐப்பசி தொடங்கி மார்கழி வரை. மே மாத மதியத்தில் போனால் பெயர்ப்பலகையில் மட்டும்தான் வண்ணத்துப்பூச்சி இருக்கும். வார விடுமுறை நாள் உண்டு என்பதால் கிளம்பும்முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## பக்கத்துப் பக்கமாக

| | முக்கொம்பு | கல்லணை | வண்ணத்துப்பூச்சிப் பூங்கா |
|---|---|---|---|
| சக்கர நாற்காலி | பாதையில் நன்றாகப் போகும். பாதையை விட்டால் வேர், மண் | பாலத்தில் வண்டித் தொந்தரவு. தண்ணீருக்குப் படி | மூன்றில் எளிது |
| நிழல் | தாராளம் | பாலத்தில் இல்லை. கரைப் பூங்காவில் உண்டு | கலவை |
| ஆறு | நன்றாகத் தெரியும் | இதற்குமேல் என்ன வேண்டும் | எதிர்பார்க்காதீர்கள் |
| கட்டுச்சோறு | ஏற்ற இடம் | ஒப்பேற்றலாம் | வேறிடம் பாருங்கள் |
| இரண்டு, மூன்று வயதுக் குழந்தை | ஊஞ்சல், ஓட இடம் | கையை விடக்கூடாது | பாதுகாப்பு |
| ஏற்ற காலம் | ஆண்டு முழுவதும், தண்ணீருக்கு ஜூன்–ஜனவரி | ஜூன்–ஜனவரி மட்டும் | அக்டோபர்–ஜனவரி |
| தேவைப்படும் நேரம் | அரை நாள் | இரண்டு மணி நேரம் | ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் |
| எதிர்பாராத செலவு | ஆட்டோ காத்திருப்பு, மீன் | சாலை அடைப்பு, வெயில் | சாப்பாட்டுக்குத் தனிப் பயணம் |

## அப்படியானால் எது?

சக்கர நாற்காலியோ வாக்கரோ இருந்து, கட்டுச்சோறும் ஆறும் இரண்டுமே வேண்டும் என்றால் யோசிக்க வேண்டாம், முக்கொம்பு. சனிக்கிழமை காலை இன்னும் நல்லது. வார நாளில் லீவு போட முடிந்தால் பூங்காவே உங்களுக்குத்தான்.

நடக்கவே முடியாதவர், நாற்காலிக்கு மாற்றி உட்காரவைப்பதே சிரமம் என்றால், காரிலேயே இருந்து பார்க்கிற பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். கரூர் சாலையில் முக்கொம்பு வரை போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காற்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். அதையும் ஊர் சுற்றல் என்றே சொல்லுங்கள். "உங்களால எங்களுக்கு எதுவும் பாக்க முடியல" என்கிற தொனி குரலில் வந்துவிட்டால் அடுத்த முறை அவர் வர மாட்டார்.

குழந்தை மட்டும்தான், பெரியவர்கள் எல்லோரும் நன்றாக நடப்பவர்கள் என்றால், காலையில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, மதியம் வீட்டுச் சாப்பாடு. ஆற்றுக்கு இன்னொரு நாள் போகலாம். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் மூன்று மணிக்குக் குழந்தை அழத் தொடங்கும், நான்கு மணிக்குப் பெரியவர்கள்.

பள்ளிப் பிள்ளைகளும், சரித்திரத்தில் ஆர்வமுள்ள தாத்தாவும் இருந்தால் கல்லணை. ஜூலை முதல் டிசம்பர் வரை, அதிகாலையில். ஆடி மாதம் என்றால் காற்று பலமாக இருக்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பாக்குமட்டைத் தட்டு என்ன ஆகும்? கனமான எவர்சில்வர் தட்டு கொண்டுபோங்கள்.

வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நீண்டதூரப் பேருந்துகள் இப்போது பஞ்சப்பூர் முனையத்துக்கு வருகின்றன. அங்கிருந்து சத்திரம், சத்திரத்திலிருந்து முக்கொம்பு என்று இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். முதியவர் கூட இருந்தால் பஞ்சப்பூரிலிருந்தே ஒரு கார் பேசிவிடுவது, ஆட்டோவை மாற்றி மாற்றி எடுப்பதைவிடப் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கும். நான்கைந்து பேராகப் பங்கு போட்டால் விலையும் பெரிதாகத் தெரியாது.

## எங்கே போனாலும் பையில் இருக்க வேண்டியவை

மடக்கு நாற்காலியைச் சொல்லிவிட்டேன். புளியோதரையும் தயிர்சாதமும் போதும். குழம்பு, ரசம் எடுத்துப்போய் மடியில் கொட்டிக்கொள்ள வேண்டாம். தயிர்சாதத்தில் புறப்படும்போது தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டிப் பிசைந்தால் மதியத்துக்குப் புளிக்காது. கைகழுவத் தனியாக ஐந்து லிட்டர் கேன் ஒன்று. ஆற்று நீரை நம்ப வேண்டாம். மாற்றுத் துணி குழந்தைக்கு மட்டும் போதாது, பெரியவருக்கும் ஒரு செட், மேலே ஒரு துண்டு. நீரிழிவு இருப்பவருக்குக் கையோடு ஏதாவது இனிப்பு. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போவது இந்தப் பயணங்களில் சாதாரணம். எச்சில் தட்டுகளைப் போட்டுத் திரும்பக் கொண்டுவர ஒரு பழைய அரிசிச் சாக்கு. குரங்கு வந்தால் முறுக்குப் பொட்டலத்தைத்தான் முதலில் குறிவைக்கும், அதைத் தூக்குச்சட்டிக்குள் போட்டு மூடியே வையுங்கள்.

மாலை ஐந்து மணிக்குள் வண்டியில் ஏறிவிடுங்கள். அதற்கு மேல் கரூர் சாலையில் லாரிகள் அதிகம், கல்லணைச் சாலைகளில் பல இடங்களில் விளக்கு குறைவு. முட்டி வலிக்காரரை இருட்டில் மேடு பள்ளம் தேடி நடக்க வைக்கக் கூடாது.